உடலிற் சேரும் நஞ்சு

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



“சிறுதுளி பெருவெள்ளம்” என்னும் பழமொழியை நாம் எல்லோரும் இளமையிலேயே கற்றுள்ளோம். உண்டியலிற் காசு போடுவதற்கும், நாள்தோறும் நாலு வரி மனனஞ் செய்வதற்கும் எம்மை ஊக்கிய பெரியோர் இப்பழமொழியையே எடுத்துக் காட்டினர். நன்மை சிறிது சிறிதாகச் சேர்ந்து பெருகும் என்பதே அவர்கள் கொண்ட கருத்து. ஆனால் நன்மைக்கு உள்ள இவ்வியல்பு தீமைக்கும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவில், நாவுக்குச் சுவை தோன்றாத வகையில், உணவோடு உணவாக ஒரு நஞ்சு நாள்தோறும் உடலினுட் புகுந்து, எளிதில் வெளியேறாது தங்கி, ஈற்றில் மூளையையே தனக்கு உறைவிடமாக்கிக் கொள்ளுமாயின் விளைவது யாது? அதைப்பற்றியே இன்று உங்கள்முன் சில வார்த்தைகள் பேச முன்வந்தோம்.

இச்சபையில் வைத்தியராகவும் எந்திரவியலாளராகவும் இரசாயனவியலாளராகவும் வரவிரும்பும் வாலிபர் பலர் இருக்கின்றனர். நாள்தோறும் சமைத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டும் தாய்மாரும் இருக்கின்றனர். இருசாராரும் அறியவேண்டிய செய்தி இது. கற்பனையாக நாம் எதுவும் சொல்லப் போவதில்லை. யப்பான் தேசத்தில் மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில் நடந்த வரலாற்றை அடிப்படையாக வைத்தே பேசுவோம்.

ஓட்டைக் குடம்

உடலினுட் செல்லும் நஞ்சுகள் யாவும் ஒரே தன்மையின அல்ல. நீரில் எளிதிற் கரைவனவற்றைச் சிறுநீரகம் விரைவில் வெளியேற்றிவிடுகிறது. ஈரல் வேறு சிலவற்றைச் சிதைத்து வலியிழக்கச் செய்கிறது. இத்தகைய நஞ்சு உடலுக்குத் தீங்கு செய்யினும், தான் அங்கே நெடுங்காலம் தங்குவதில்லை. வேறு சில நஞ்சுகளோ சிதைவதும் அரிது, வெளியேறுவதும் அரிது. கொழுப்பிலோ எலும்பிலோ புரதத்திலோ ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிடும். இன்றைய கைத்தொழில் உலகம் ஆக்கிவிட்ட கழிவுகளுள் நாம் அஞ்சவேண்டியவை இவையே.

இதனை விளக்க ஓர் எளிய உவமை கூறுவோம். அடியில் மிகச்சிறிய துளையுள்ள குடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதனுள் நாள்தோறும் ஒரு சிரட்டை நீர் ஊற்றுகிறோம். துளை பெரிதானால் ஊற்றியது உடனே ஒழுகிவிடும், குடம் நிறையாது. துளை சிறிதானால் இன்று ஊற்றியதில் பெரும்பகுதி நாளைக்கும் இருக்கும். நாளைய நீர் அதன்மேற் சேரும். குடத்தில் நீர் ஏற ஏற ஒழுக்கும் சற்றுக் கூடும். ஊற்றுவதும் ஒழுகுவதும் சமமாகும் மட்டத்திலேயே நீர் நிற்கும். அந்த மட்டம் ஊற்றும் அளவை மட்டும் பொறுத்ததன்று; துளையின் அளவையும் பொறுத்தது.

இனிக் கணக்கைப் பாருங்கள். ஒரு நாளிற் பாதி வெளியேறிவிடும் பொருளை நாளொன்றுக்கு ஓரலகு வீதம் உட்கொண்டால், உடலில் இரண்டலகுக்கு மேல் ஒருபோதும் சேராது. மினமாட்டாவின் நஞ்சாகிய மெதயில் இரசம் மனிதவுடலிலிருந்து பாதியளவு வெளியேற ஏறத்தாழ 70 நாட்கள் செல்லும். அதனை நாளொன்றுக்கு ஓரலகு வீதம் உட்கொள்பவன் உடலில் ஓராண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 100 அலகு சேர்ந்துவிடும். ஒவ்வொரு நாளும் அவன் உண்டது சிறிது. அவன் சுமப்பதோ அதனினும் நூறு மடங்கு. “இன்று உண்டது எவ்வளவு?” என்று கேட்பது போதாது, “இதுவரை தங்கியது எவ்வளவு?” என்று கேட்டல் வேண்டும்.

மினமாட்டாவும் அதன் கடலும்

யப்பானின் தெற்கே கியூசூ என்னும் பெருந்தீவு உளது. அதன் மேற்குக் கரையில், குமமோட்டோ மாகாணத்தில், சிரனுயி என்னும் உள்நாட்டுக் கடலை நோக்கி அமைந்தது மினமாட்டா. அலையடங்கிய அக்கடல் மீனுக்கும் சிப்பிக்கும் பெயர்பெற்றது. கரையோரக் குடியினர் வறியவர். அரிசி வாங்கக் காசில்லாத நாளிலும் மீனுக்குக் குறைவில்லாமையால், மூன்று வேளையும் மீனுண்டு வாழ்ந்தனர்.

1908ஆம் ஆண்டில் அவ்வூரில் ஓர் இரசாயனத் தொழிற்சாலை தோன்றியது. பிற்காலத்திற் சிஸ்ஸோ என்னும் பெயரால் அறியப்பட்ட கம்பனிக்குரியது அது. ஊரவர்க்கு வேலையும் ஊராட்சிக்கு வரியும் அதனாலேயே கிடைத்தன. அதனால் ஊரே தொழிற்சாலையின் நிழலில் வளர்ந்தது என்று கூறலாம். 1932இல் அங்கே அசற்றிலீன் வாயுவிலிருந்து அசற்றல்டிகைட்டு என்னும் திரவத்தை ஆக்கத் தொடங்கினர். அசற்றிக்கமிலம் செய்யவும், பிளாத்திக்கை மென்மையாக்கும் பொருள்கள் செய்யவும் அத்திரவம் வேண்டியதாயிற்று. அத்தாக்கத்தை விரைவுபடுத்தும் ஊக்கியாக இரசத்தின் உப்பொன்று பயன்பட்டது. இரசம் என்று நாம் சொல்வது வெப்பமானியிற் காணும் பாதரசத்தையே.

ஊக்கி செலவாகாது என்று பாடப்புத்தகம் சொல்லும். அதில் ஒரு சிறு பகுதி அக்கொதிகலத்தினுள்ளேயே கரியோடு கூடி மெதயில் இரசம் என்னும் சேதனச் சேர்வையாக மாறியது. கழிவுநீரோடு அதுவும் வாய்க்கால் வழியே மினமாட்டாக் குடாவுக்குட் சென்றது. பல்லாண்டுகளில் கடலிற் சேர்ந்த மொத்த இரசம் 70 தொடக்கம் 150 தொன் வரையில் அல்லது அதற்கும் மேல் இருக்கலாம் எனக் கணிக்கின்றனர்.

சாதாரண பாதரசத்தைத் தவறி விழுங்கியவரிடத்தில் அது பெரும்பாலும் குடலில் உறிஞ்சப்படாமற் கழிந்துவிடும். ஆயினும் அதன் ஆவியைச் சுவாசித்தல் பெருங்கேடு என்பதை மறத்தல் கூடாது. மெதயில் இரசமோ உணவோடு சென்றால் நூற்றுக்கு 95 பங்கு உறிஞ்சப்படும். மூலப்பொருள் ஒன்றே, வடிவம் மாறியதும் குணமும் மாறிவிட்டது.

“கடல் பெரிது, கழிவு சிறிது, கரைந்து போய்விடும்” என்று எண்ணுதல் எவர்க்கும் இயல்பே. கடல் உயிரற்ற வெறும் நீராயிருப்பின் அவ்வெண்ணம் ஓரளவு சரியாகவும் இருக்கும். ஆனால் கடல் நிறைய உயிர்கள் உள. நீரிற் பரந்து கிடக்கும் நஞ்சை நுண்ணுயிர்ப்பாசி சிறிது சேர்க்கிறது. பாசியை உண்ணும் புழுவும் சிப்பியும் அதனினும் கூடுதலாகச் சேர்க்கின்றன. அவற்றைச் சிறுமீன் உண்கிறது. சிறுமீனைப் பெருமீன் உண்கிறது. ஒவ்வொரு படியிலும் உணவின் சத்து எரிந்து போகிறது. நஞ்சோ எரியாது நிற்கிறது. ஈற்றிற் பெருமீனின் தசையில் உள்ள செறிவு சூழவுள்ள நீரிலுள்ளதைப் போலப் பத்து இலட்சம் மடங்குக்கு மேலும் இருக்கக்கூடும். நீர் கலைத்து விட்டதை உயிர் கூட்டி எடுக்கிறது. இந்த ஏணியின் உச்சிப்படியில் இருப்பவன் மனிதன்.

பூனைகள் ஆடிய ஊர்

1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே அக்குடாவில் மீன்கள் செத்து மிதந்தன. காகங்கள் பறக்கும்பொழுதே நிலத்தில் வீழ்ந்தன. மீன் தின்ற பூனைகள் வெறிகொண்டவை போலச் சுழன்றாடி, சுவரில் மோதி, கடலில் வீழ்ந்து மாண்டன. அதைப் பூனைகளின் ஆட்டநோய் என்றே ஊரவர் அழைத்தனர். மனிதருக்கு வருமுன் ஏணியின் கீழ்ப்படியில் உள்ளவை சொல்லிய செய்தி அது. கேட்டு நடப்பார் இல்லை.

1956 ஏப்பிரல் மாதத்தில், ஆறு வயது நிரம்பாத சிறுமி ஒருத்தி நடக்கவும் பேசவும் இயலாத நிலையில் தொழிற்சாலையின் வைத்தியசாலைக்குக் கொண்டு வரப்பட்டாள். சில நாட்களில் அவளுடைய இரண்டு வயதுத் தங்கையும் அதே நிலையை அடைந்தாள். அயல்வீடுகளிலும் அந்நோய் உண்டென்று தெரியவந்தது. வைத்தியசாலைத் தலைவர் டாக்டர் ஹொசொகாவா ஹஜிமே என்பவரின் பணிப்பில், காரணம் அறியாத மூளைநோய் ஒன்று பரவுகிறது என்று மே மாதம் 1ஆந் தேதி சுகாதார நிலையத்துக்கு அறிவிக்கப்பட்டது. நோய் உத்தியோக முறையில் அறியப்பட்ட நாளாக அதனையே இன்றும் கொள்கின்றனர். ஒக்டோபர் மாதமளவில் 40 நோயாளர் கண்டறியப்பட்டனர். அவர்களுள் 14 பேர் இறந்துவிட்டனர்.

நோயாளர் பட்ட துன்பத்தைச் சொல்லி முடியாது. முதலிற் கைவிரலும் காலும் வாயைச் சுற்றிய இடமும் மரத்துப் போகும். சட்டைப் பொத்தானைப் பூட்டவோ உணவுக் குச்சியைப் பிடிக்கவோ இயலாது. நடை தள்ளாடும். மூங்கிற் குழாயினூடாகப் பார்ப்பது போலப் பார்வை சுருங்கும். செவி மந்தமாகும், பேச்சுக் குழறும். கடுமையாக நோயுற்றவர் வலித்து முறுகி, உணர்வு கெட்டு மாண்டனர். இவற்றோடு மற்றொரு துன்பமும் சேர்ந்தது. தொற்றுநோய் என்று அஞ்சிய ஊரவர் நோயாளரை ஒதுக்கினர். அவர் வீடுகளுக்கு மருந்து தெளித்தனர். கடையிற் காசு கொடுத்தால் அதைக் கையால் வாங்கவும் தயங்கினர். ஒரே கடலின் மீனை உண்டவர் ஒருவரையொருவர் அஞ்சி வாழ நேர்ந்தது.

குமமோட்டோப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே, இது தொற்றன்று, மீனின் வழியாக வந்த உலோக நஞ்சு என்று கண்டனர். எந்த உலோகம் என்று தேடி, 1959 யூலையில் அது சேதன இரசமே என்று வெளியிட்டனர். தலைமயிரும் அதற்குச் சாட்சி சொல்லிற்று. இரத்தத்திலுள்ள இந்நஞ்சு வளரும் மயிரினுட் படிந்துவிடும். மாதமொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சதமமீற்றர் வளரும் மயிர் ஒரு நாட்குறிப்பைப் போன்றது. நோயாளர் மயிரிற் காணப்பட்ட அளவுகளுள் உயர்ந்தது பத்து இலட்சம் பங்கில் 705 பங்கு. மீன் குறைவாக உண்போரிடம் இது பெரும்பாலும் ஓரிரு பங்களவே இருக்கும்.

மூளையினுட் புகுந்தவாறு

மூளை உடலின் மற்ற உறுப்புக்களைப் போலத் திறந்து கிடப்பதன்று. அதன் இரத்தக் குழாய்களின் சுவர்கள் நெருங்கப் பின்னிய வேலி போன்றவை. வேண்டிய உணவுக்கு மட்டும் வாயில் திறந்து, வேண்டாதவற்றை அது தடுத்து நிறுத்தும். இவ்வேலியை மெதயில் இரசம் எவ்வாறு கடந்தது?

வேலியை அது உடைக்கவில்லை. வேடம் புனைந்து வாயில் வழியாகவே சென்றது. உடலினுட் சென்றதும் அது கந்தகமுள்ள சிஸ்தீன் என்னும் அமினோவமிலத்தைப் பற்றிக்கொள்ளும். அவ்விரண்டும் சேர்ந்த உருவம், மூளைக்கு அவசியமான மெதியோனீன் என்னும் வேறோர் அமினோவமிலத்தை ஒத்திருக்கும். வாயில்காப்போன் அதனை உணவென்றே எண்ணி உள்ளே விடுகிறான். உள்ளே சென்றபின், ஒரு பகுதி சேதனமல்லாத இரசமாக மாறிப் பல்லாண்டுகள் மூளையிலேயே தங்கிவிடும். ஆகவே முன்னர் நாம் கூறிய 70 நாட்கணக்கு முழுவுடலுக்கே பொருந்தும். மூளையின் கணக்கு அதனினும் நீண்டது.

அது மூளை முழுவதையும் ஒரே அளவாகத் தாக்குவதில்லை. பார்வைக்குரிய பின்பகுதி, உடலின் அசைவை ஒழுங்குபடுத்தும் சிறுமூளை, தொடுகையுணர்வுக்கும் கேள்விக்கும் உரிய இடங்கள் ஆகியவற்றின் நரம்புக் கலங்களையே பெரிதும் அழிக்கிறது. சுருங்கிய பார்வை, தள்ளாடிய நடை, மரத்த விரல், குழறிய பேச்சு என்பவற்றுக்கெல்லாம் காரணம் இதுவே. இவ்வடையாளங்கள் வைத்திய உலகுக்குப் புதியனவும் அல்ல. விதைக்கு இடும் மெதயில் இரச மருந்தைச் செய்த தொழிலாளர் இவ்வாறே நோயுற்றதை இங்கிலாந்தின் வைத்தியர் 1940இலேயே எழுதி வைத்திருந்தனர். அழிந்த நரம்புக் கலம் திரும்ப முளைப்பதில்லை. நஞ்சு நீங்கினாலும் ஊறு நீங்குவதில்லை.

தாயும் சேயும்

இனி நாம் கூறப்போவது கேட்பதற்கும் கடினமானது. மினமாட்டாவில் அக்காலத்திற் பிறந்த குழந்தைகள் சிலர் தலை நிற்காமலும், நடக்காமலும், பேசாமலும் வளர்ந்தனர். அவர்கள் மீன் உண்டவர் அல்லர். தாயின் கருப்பையிலுள்ள நச்சுக்கொடி குழந்தைக்கு அரணாக நின்று நஞ்சைத் தடுத்துவிடும் என்பதே அக்கால வைத்தியரின் நம்பிக்கை. ஆகையால் இது வேறு நோய் என்று கூறினர்.

1961இல் ஹரடா மசசுமி என்னும் இளம் வைத்தியர் அக்கரையோரக் குடிசைகளுக்கு நேரிற் சென்றார். ஒரு வீட்டில் சகோதரர் இருவரைக் கண்டார். மூத்தவனுக்கு மினமாட்டா நோய் என்றும், மீனுண்ணாத இளையவனுக்கு வேறு நோய் என்றும் பிரித்திருந்தனர். அத்தாய் அதனை ஏற்கவில்லை. தான் உண்ட மீனின் நஞ்சே வயிற்றிலிருந்த பிள்ளைக்குச் சென்றதென்றும், தன்னிடமிருந்ததை அவன் வாங்கிக் கொண்டமையாலேயே தனக்கு நோய் கடுமையாகவில்லை என்றும் அவர் உறுதியாகச் சொன்னார். பெரிய படிப்பில்லாத அத்தாயின் கூற்றே உண்மையாயிற்று. 1962இல் 16 குழந்தைகள் கருவிலேயே நஞ்சுண்டவர் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டனர். சிசுவின் இரத்தத்தில் இந்நஞ்சு தாயின் இரத்தத்திலும் கூடுதலாகவே இருக்கும் என்று பின்னர் அறிந்தனர். அரண் என்று எண்ணியது வாயிலாகிவிட்டது. மூளையின் வேலியைக் கடந்த அதே வேடமே இங்கும் உதவியது.

இவ்வுண்மைக்கு மற்றொரு சான்றும் கிடைத்தது. யப்பானியர் குழந்தையின் தொப்புட்கொடியை உலர்த்திச் சிறு மரப்பெட்டியில் இட்டுப் போற்றுவர். எம்மவருள்ளும் அதனைத் தாயத்தினுள் இட்டுக் காப்போர் உண்டல்லவா? ஹரடாவும் அவர் துணைவரும் அக்கொடிகளைச் சேகரித்து ஆராய்ந்தனர். தொழிற்சாலையின் ஆக்கம் ஏறிய ஆண்டுகளில் கொடியிலுள்ள மெதயில் இரசமும் ஏறியிருந்தது. ஆக்கம் குறைய அதுவும் குறைந்திருந்தது. அன்னையர் அன்பினாற் பாதுகாத்த பொருளே கைத்தொழிலின் கணக்குப் புத்தகமாயிற்று.

அறிந்தும் சொல்லாத ஆண்டுகள்

வாலிப அன்பர்களே, இதுவரை கூறியது உடலின் கதை. இனி உள்ளத்தின் கதையைக் கூறுகிறோம். இன்று உங்கள் மனத்தில் எது நின்றாலும் நில்லாவிட்டாலும், இது நிற்றல் வேண்டும்.

நோயை முதலில் அறிவித்த டாக்டர் ஹொசொகாவா கம்பனியின் ஊழியர், நல்ல மனிதர், நோயாளர்பால் இரக்கமுள்ளவர். கழிவுநீரே காரணமோ என்ற ஐயத்தினால் அவர் பூனைகளை வைத்துச் சோதனை செய்தார். 1959 யூலையில், 400 என்று எண்ணிட்ட பூனையின் உணவில் அசற்றல்டிகைட்டுப் பகுதியின் கழிவை நாள்தோறும் ஊற்றி வந்தார். ஒக்டோபரில் அப்பூனை குடாக்கரைப் பூனைகளைப் போலவே சுழன்றாடி வீழ்ந்தது. உண்மை அவர் கண்முன் நின்றது. அவர் அதனை மேலாளரிடம் கூறினார். சோதனையை நிறுத்துமாறு கட்டளை பிறந்தது, முடிவு வெளியிடப்படவில்லை. அவரும் பேசாதிருந்தார்.

அதற்கு முந்திய ஆண்டில், 1958 செப்டெம்பரில், கழிவின் போக்கைக் குடாவிலிருந்து மினமாட்டா ஆற்றின் கழிமுகத்துக்குத் திருப்பியிருந்தனர். அதன் பயன், குடாவோடு நின்ற நோய் சிரனுயிக் கடலின் மற்றக் கரைகளுக்கும் பரவியதே. 1959 டிசெம்பரிற் கழிவுநீரைச் சுத்திசெய்யும் பொறியொன்றைப் பலரறிய நிறுவினர். ஆனால் அது சேதன இரசத்தை நீக்குவதற்கென அமைந்ததன்று. அம்மாத முடிவில் நோயாளரோடு ஓர் உடன்படிக்கை செய்தனர். இறந்தவர்க்கு மூன்று இலட்சம் யென் “அனுதாபப் பணம்” கிடைத்தது. தொழிற்சாலையே காரணமென்று பிற்காலத்திற் தெரியவரினும் மேலும் பணம் கேட்பதில்லை என்று அவ்வறியோரிடம் ஒப்பமும் வாங்கினர். பூனை வீழ்ந்து மூன்று மாதங்கூட ஆகவில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அடுத்த ஆண்டாகிய 1960இலேயே அசற்றல்டிகைட்டு ஆக்கம் உச்சத்தை அடைந்தது.

மௌனத்தின் விலை என்ன? 1965இல், மினமாட்டாவிலிருந்து வெகுதூரத்தில், நீகாட்டா மாகாணத்து அகானோ ஆற்றங்கரையில் அதே நோய் தோன்றியது. அங்கே வேறொரு கம்பனியின் தொழிற்சாலை அதே முறையில் அதே பொருளைச் செய்து வந்தது. 1959இல் உண்மை வெளிப்பட்டிருந்தால் அந்த ஆற்றங்கரையில் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும்! 1968 மே மாதத்தில் மினமாட்டாவில் அசற்றல்டிகைட்டு ஆக்கம் நின்றது. அவ்வாண்டு செப்டெம்பரிலேயே, தொழிற்சாலைக் கழிவே நோய்க்குக் காரணம் என்று அரசாங்கம் கூறிற்று. ஆக்கம் தேவையற்றுப் போனபின்பே உண்மைக்கு இடங்கிடைத்தது.

நோயாளர் சிலர் 1969இல் நீதிமன்றம் சென்றனர். 1970 யூலையில், புற்றுநோயாற் படுக்கையிற் கிடந்த டாக்டர் ஹொசொகாவா அப்படுக்கையிலிருந்தே சாட்சி சொன்னார். 400ஆம் பூனையின் கதை அங்கே முழுவதும் பதிவாயிற்று. மூன்று மாதத்தில் அவர் காலமானார். 1973 மார்ச்சு 20ஆந் தேதி நீதிமன்றம் நோயாளர் பக்கம் தீர்ப்பளித்தது. கழிவை வெளிவிடும் இரசாயனத் தொழிற்சாலை அதன் தீங்கின்மையை முன்னரே ஆராய்ந்து அறியக் கடமைப்பட்டது, தெரியாதென்று கூறித் தப்ப இயலாது என்பது அதன் கருத்து. பழைய உடன்படிக்கையும் செல்லாதென்று தள்ளப்பட்டது. ஆளொருவருக்கு 160 தொடக்கம் 180 இலட்சம் யென் வரையில் நட்டஈடு விதிக்கப்பட்டது. அரசும் மாகாண ஆட்சியும் தம் கடமையிற் தவறியவை என்று யப்பானின் உச்சநீதிமன்றம் 2004இற் கூறிற்று. நோயாளர் என உத்தியோக முறையில் ஏற்கப்பட்டோர் இரு இடங்களிலும் சேர்ந்து ஏறத்தாழ 3,000 பேர். ஏற்கப்படாது உதவித்தொகை மட்டும் பெற்றோர் அதனினும் பன்மடங்கினர்.

டாக்டர் ஹொசொகாவாவைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. கடைசியிலேனும் அவர் சொன்னார். பலர் அதுவுஞ் செய்யவில்லை. ஆயின் நல்லவர் ஒருவரின் மௌனமும் நஞ்சைப் போலவே நாள்தோறும் சேர்ந்து பெருகும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. முதல்நாள் பேசாதிருப்பது சிறிய காரியம். பதினோராண்டுக்குப் பின்னர் அது சிறியதன்று.

மற்றைய நஞ்சுகள்

இரசம் ஒன்றே இவ்வியல்புடையதன்று. ஈயம் சுண்ணாம்புச் சத்துப்போல நடித்து எலும்பினுட் புகுந்து பல தசாப்தங்கள் தங்கும். கர்ப்பகாலத்தில் தாயின் எலும்பு கரையும்போது அது மீண்டும் இரத்தத்துக்கு வந்து சிசுவை அடையும். குழந்தையின் மூளைக்குத் தீங்கற்ற ஈயத்தின் அளவென்று ஒன்று அறியப்படவில்லை. பெற்றோலில் ஈயங்கலக்கும் வழக்கம் 1920ஆம் ஆண்டுகளிற் தொடங்கியது. கார்களுக்கான ஈயப் பெற்றோல் உலகத்திலிருந்து முற்றாக நீங்கியது 2021இலேதான். நூறாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம்!

மின்மாற்றிகளில் எண்ணெயாக இட்ட குளோரீன் ஏறிய பைபினயில் என்பன கொழுப்பிற் தங்குவன. 1968இல், மினமாட்டா இருக்கும் அதே கியூசூத் தீவிலும் மேற்கு யப்பானிலும், தவிட்டெண்ணெய் காய்ச்சும் ஆலையின் குழாயிலிருந்து அவை கசிந்து, சமையலெண்ணெயோடு மக்கள் உடலிற் சேர்ந்தன. ஒட்டாத சட்டிகளுக்கும் நீரொட்டாத துணிகளுக்கும் பயன்பட்ட புளோரீன் சேர்வைகள் சில இரத்தப் புரதத்தோடு ஒட்டி ஆண்டுக்கணக்கில் இருப்பன. தங்குமிடம் வேறு, கணக்கு ஒன்றே. துளை சிறிய குடத்தில் எதனை ஊற்றினாலும் அது நிறையும்.

நாம் செய்யத்தக்கவை

மினமாட்டாக் குடாவின் நஞ்சேறிய சேற்றை வாரி, 58 ஹெக்டயர் கடலை நிரப்பி நிலமாக்கினர். 1990இல் முடிவுற்றது அவ்வேலை. மீன் வெளியேறாதபடி 1974இற் கட்டிய வலை 1997இலேயே நீக்கப்பட்டது. 2013இல் உலக நாடுகள் பல ஒன்றுகூடி இரசத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையை ஏற்றபோது, அதற்கு மினமாட்டாவின் பெயரையே இட்டன. எமது இலங்கையும் அதிற் சேர்ந்துள்ளது. 2017இல் அது நடைமுறைக்கு வந்தது.

எம் வீடுகளுக்கு இதனால் வரும் செய்தி என்ன? மீனை அஞ்சுக என்பதன்று. மீன் நல்ல உணவு. வளரும் சிசுவின் மூளைக்கும் வேண்டிய சத்து அதில் உண்டு. ஆனால் ஏணியின் மேற்படியில் நிற்கும், நெடுங்காலம் வாழும் பெருமீன்களில் உலகெங்கும் இரசம் கூடுதலாகவே உண்டு. பெரிய சுறாவும் தளப்பத்தும் அத்தகையன. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் அவற்றைத் தவிர்த்தல் நன்று. பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறாவைக் கொடுப்பது எம் ஊர் வழக்கம். அவ்வழக்கத்தைப் பழிக்கமாட்டோம். ஆயின் சிறிய சுறாவையும் முதிர்ந்த பெருஞ்சுறாவையும் ஒன்றாக எண்ணுதல் கூடாது. மீன் சிறிதாகவும் இளையதாகவும் இருக்க நஞ்சும் குறையும். சூடை, நெத்தலி, சாளை முதலியன ஏழையின் மீன். தாய்க்கும் சேய்க்கும் அவையே உகந்தன.

மரக்கறி உணவினர் இச்செய்தி தமக்குரியதன்று என எண்ணவேண்டாம். முற்றத்தில் பழைய பற்றறியை உடைத்து ஈயம் உருக்குவதும், உடைந்த குழல்விளக்கையும் பிளாத்திக்கையும் வளவிற் குவித்து எரிப்பதும் எல்லோருடைய கிணற்றையும் காற்றையும் தொடும். எறிந்தது போய்விட்டது என்று நாம் சொல்லும்போதெல்லாம், எங்கே போய்விட்டது என்று ஒருமுறை கேட்டல் வேண்டும்.

பெரியோர்களே, அத்தாயின் சொல்லை ஹரடா என்னும் வைத்தியர் கேட்டமையாலேயே உண்மை வெளிவந்தது. எம் ஊரிலும் மீன் செத்து மிதந்தது, கிணற்று நீர் நாறுகிறது, பிள்ளைக்கு இப்படியொரு நோய் என்று எளியோர் வந்து சொன்னால், படிப்பில்லாதவர் பேச்சென்று தள்ளாதீர்கள். வாலிபர்களே, உங்களிற் சிலர் நாளை தொழிற்சாலைகளிலும் ஆய்வுகூடங்களிலும் வைத்தியசாலைகளிலும் பொறுப்பேற்பீர்கள். என்றோ ஒருநாள் உங்கள் முன்னேயும் ஒரு 400ஆம் பூனை சுழன்று விழக்கூடும். மேலதிகாரி, சம்பளம், குடும்பம் என்னும் நினைவுகள் அன்று உங்களைச் சூழும். அவை இலேசானவை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் அன்றே சொல்லுங்கள். அன்று சொன்னால் ஒரு குடாவோடு நிற்பது, நாளை மற்றோர் ஆற்றங்கரையையும் அழிக்கும். பிறவாத பிள்ளைகள் தமக்காகப் பேச இயலாதவர். அவர்களுக்காகப் பேசவேண்டியவர் அறிந்தவரே.